தூரமும் தடையும்: கிறெற்றே வைற்ஸின் ஓட்ட வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓட்ட வீராங்கனை ஒருவரின் வாழ்வைப் பதக்கங்களினதும் நேரப் பதிவுகளினதும் நிரலாகக் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுமிடத்து வெற்றி யாவும் தனிமனித ஆற்றலின் விளைவாகவே தோன்றும். யார் எவ்வளவு தூரம் ஓடலாம் என வரையறுத்த நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடும். நோர்வே நாட்டு மரதன் வீராங்கனை கிறெற்றே வைற்ஸின் (1953–2011) வாழ்வை அந்நிறுவனங்களின் வரலாற்றோடு இணைத்து நோக்க இங்கு முற்படுகின்றோம்.

ஒலிம்பிக் மெய்வல்லுநர் போட்டிகளிற் பெண்கள் முதன்முதலாகப் பங்குபற்றியது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்ரர்டாமிலாகும். அங்கு 800 மீற்றர் ஓட்டத்தின் முடிவிற் பெண்கள் களைப்புற்றமையைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. ஆண்களும் களைப்புறுவர், அதனை எவரும் ஆண்பாலின் இயலாமையாகக் கொண்டதில்லை. ஆயினும் அதன் பின்னர் 1960 வரை 200 மீற்றருக்கு மேற்பட்ட ஒலிம்பிக் ஓட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1,500 மீற்றர் 1972இலேயே சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கோ 1896 முதலே மரதன் இருந்துவந்தது. உடலியலின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட இத்தடை, சமூகத்திற் பெண்ணுக்குரிய இடம் பற்றிய கருத்துநிலையொன்றின் வெளிப்பாடே எனலாம்.

ஒஸ்லோவிற் பிறந்து பாடசாலை ஆசிரியையாகப் பணியாற்றிய வைற்ஸ், இவ்வரையறைகளுக்குள்ளேயே ஓடத் தொடங்கினார். 1972இல் மியூனிச்சிலும் 1976இல் மொன்றியலிலும் அவர் 1,500 மீற்றர் ஓடினார். இரு தடவையும் இறுதிப் போட்டியை எட்டவில்லை. ஆனால், 3,000 மீற்றரில் 1975இலும் 1976இலும் உலக சாதனை நிலைநாட்டியவரும் அவரே. அத்தூரம் அன்று பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டிகளுள் இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே காலத்தில் அமெரிக்க வீதிகளில் வேறொரு போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1967இல் பொஸ்ரன் மரதனில் இலக்கம் அணிந்து ஓடிய கத்றீன் சுவிற்சரை, ஓட்டத்தின் நடுவே அதிகாரி ஒருவர் பிடித்து வெளியேற்ற முயன்றார். 1972இல் நியூயோர்க்கிற் பெண்கள் பத்து நிமிடம் முன்னதாகத் தனித்துப் புறப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. பங்குபற்றிய பெண்கள் புறப்பாட்டுக் கோட்டிலேயே அமர்ந்து, பத்து நிமிடம் கழித்து ஆண்களுடன் சேர்ந்தே ஓடினர்.

இவ்வாறு திறக்கப்பட்ட வீதியிலேயே 1978இல் வைற்ஸ் காலடி வைத்தார். முன்னணி ஓட்டக்காரருக்கு வேகம் அமைத்துக் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பிலேயே நியூயோர்க்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். அதற்கு முன் அவர் மரதன் ஓடியதேயில்லை. ஆயினும் 2 மணி 32 நிமிடம் 30 செக்கனில் முதலாவதாக ஓடி முடித்து, அன்றைய உலகச் சிறந்த நேரத்தை இரண்டு நிமிடத்துக்கு மேலாக முறியடித்தார். மறு ஆண்டு அதே நகரில் 2:27:33 எனப் பதிவு செய்து, இரண்டரை மணிக்குட்பட்ட முதற் பெண்ணானார். 1988 வரை அங்கு ஒன்பது தடவை வெற்றி பெற்றார்.

1981இல் சர்வதேச ஒலிம்பிக் குழு பெண்களின் மரதனை ஏற்றுக்கொண்டது. இம்முடிவுக்கு வழிவகுத்தவற்றுள், அழகுசாதன நிறுவனமான ஏவொன் 1978 முதல் நடத்திய பெண்கள் ஓட்டங்களும் அடங்கும். விளையாட்டு அதிகார பீடங்கள் அடைத்து வைத்திருந்த கதவைத் திறப்பதற்குச் சந்தையை நாடிய வணிகமும் துணைநின்றமை, இவ்வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்றாகும்.

1983 ஏப்பிரலில் லண்டனில் வைற்ஸ் 2:25:29 ஓடினார். மறுநாளே பொஸ்ரனில் ஜோன் பெனொயிற் 2:22:43 ஓடினார். அவ்வாண்டு ஹெல்சிங்கி உலகப் போட்டியில் வைற்ஸ் வென்றார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற முதலாவது ஒலிம்பிக் பெண்கள் மரதனில் பெனொயிற்றுக்கு அடுத்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தடை நீங்கியதும் சாதனைகள் இத்துணை விரைவில் ஒன்றையொன்று முந்தியமை, ஆற்றல் ஒருபோதும் அரிதாயிருக்கவில்லை, வாய்ப்பே அரிதாயிருந்தது என்பதையே உணர்த்துகின்றது.

எனவே வைற்ஸை விதிவிலக்கான ஒரு பெண்ணாக மட்டும் போற்றுவது போதாது. வாய்ப்பு வந்தபோது ஓடும் வயதில் இருந்தவர் அவர். 1928க்கும் 1984க்கும் இடைப்பட்ட ஐம்பத்தாறு ஆண்டுகளில் அவ்வயதைக் கடந்துவிட்ட பெண்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களையும் கணக்கிற் கொள்ளும்போதே விளையாட்டின் வரலாறு சமூக வரலாறாகின்றது.