புரோட்டான் செயற்கைக்கோள்கள்

புரோட்டான் என்பது சோவியத் ஒன்றியம் 1965 முதல் 1968 வரை விண்ணில் செலுத்திய நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களின் பெயர். விண்வெளியிலிருந்து பெருவேகத்தில் வரும் துகள்களான அண்டக்கதிர்களை வளிமண்டலத்துக்கு மேலே சென்று அளப்பதே இவற்றின் பணி. முதல் மூன்றும் தலா சுமார் 12 டன் எடை. நான்காவது சுமார் 17 டன். 1957இல் பறந்த ஸ்புட்னிக் 1இன் எடை 83.6 கிலோகிராம்தான்.

இவ்வளவு எடை எதற்கு? அண்டக்கதிர் காற்றில் மோதியதும் சிதறிவிடுகிறது. தரையில் நாம் காண்பது அந்தச் சிதறலில் பிறந்த துகள்களையே. மூலத் துகளைப் பிடிக்க மேலே போகவேண்டும். ஆனால், அதன் ஆற்றலை அளக்க அதைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும். 1965இல் பூமியில் இருந்த மிகப்பெரிய துகள் முடுக்கி எட்டியது சுமார் 3,300 கோடி எலக்ட்ரான் வோல்ட். அண்டக்கதிர்களிலோ லட்சம் கோடியைத் தாண்டுபவை உண்டு. அவற்றை நிறுத்த மெல்லிய தகடு போதாது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நௌம் கிரிகோரோவ் 1950களில் உருவாக்கிய அயனியாக்கக் கலோரிமானி இதற்கு வழிகாட்டியது. உலோக அடுக்குகளுக்கு இடையே உணர்கருவிகள் இருக்கும். துகள் உலோகத்தில் மோதிப் பல துகள்களாகப் பெருகும். ஒவ்வொரு அடுக்கிலும் விழும் ஆற்றலைக் கூட்டினால் மூலத் துகளின் ஆற்றல் தெரியும். எளிய கணக்குதான், ஆனால் இரும்பைச் சுமக்க யார் இருக்கிறார்கள்?

சுமந்தது ஒரு போர்க்கருவி. விளாதிமிர் செலோமெய் குழுவினர் வடிவமைத்த யுஆர்-500 ராக்கெட், மிகப்பெரிய அணுகுண்டை ஏந்திச் செல்லும் ஏவுகணையாகத் தொடங்கியது. அதன் சோதனைப் பறப்புகளில் வெறும் சுமை ஏற்றுவதற்குப் பதிலாகக் கலோரிமானியை ஏற்றினர். 1965 ஜூலை 16 அன்று பைக்கனூரிலிருந்து புரோட்டான் 1 சென்றது. நவம்பர் 2இல் இரண்டாவது. 1966 மார்ச்சில் ஏவியது சுற்றுப்பாதையை எட்டவில்லை. அதே ஆண்டு ஜூலை 6இல் சென்ற புரோட்டான் 3 குவார்க்குகளையும் தேடியது, சிக்கவில்லை. 1968 நவம்பர் 16இல் ஏவிய புரோட்டான் 4 சுமார் எட்டு மாதம் சுற்றியது. செயற்கைக்கோளின் பெயரே ராக்கெட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று புரோட்டான் என்றால் பலருக்கும் ராக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. இது சற்று வருத்தமே.

முடிவுகளில் ஒன்று பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சுமார் லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அண்டக்கதிர்களில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை திடீரென வேகமாகக் குறைவதாக கிரிகோரோவ் குழு அறிவித்தது. பின்னர் பலூன்களில் கருவிகளை அனுப்பி அளந்தவர்கள் அந்தச் சரிவைக் காணவில்லை. காரணம் கருவிக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்பது பொதுவான விளக்கம். கனமான உலோகத்தில் மோதிய துகள்களில் சில பின்னோக்கித் தெறித்து, மேலே இருந்த மின்னூட்ட உணர்கருவியைத் தாக்கும். அப்போது புரோட்டான்கூட அதிக மின்னூட்டமுள்ள வேறு அணுக்கருவாகப் பதிவாகிவிடும். ஆற்றலை அளக்க உதவிய அதே கனம், துகளை அடையாளம் காண்பதற்கு இடைஞ்சலானது.

அடையாளம் பாராமல் எல்லாத் துகள்களையும் சேர்த்து எண்ணிய அளவீட்டுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதில் புரோட்டான் 4, லட்சம் கோடியின் ஆயிரம் மடங்கு ஆற்றல் வரை நேரடியாக எட்டியது. அண்டக்கதிர் ஆற்றல் வரைபடங்களில் கிரிகோரோவின் பெயரிட்ட அந்தப் புள்ளிகள் இன்றும் இடம்பெறுகின்றன.