இணைய மின்னஞ்சல் புகுபதிகைச் சிக்கல்கள்

இணைய மின்னஞ்சல் புகுபதிகைச் சிக்கல்கள் என்பவை, உலாவியின் வழியாகத் தமது மின்னஞ்சல் கணக்கினுள் நுழைய முயலும் பயனரை வழங்கி ஏற்க மறுக்கும் நிலைகளைக் குறிக்கும். தவறான கடவுச்சொல் இவற்றுக்கான காரணங்களுள் ஒன்று மட்டுமே. விசைப்பலகை, கணினியின் கடிகாரம், உலாவியின் அமைப்புகள், சேவை நிறுவனத்தின் வழங்கி ஆகியவற்றுள் எதில் கோளாறு நேர்ந்தாலும் பயனரால் அஞ்சல் பெட்டியைத் திறக்க இயலாது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றும் முன்னர், தடை எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என அறிதல் வேண்டும்.

புகுபதிகை நிகழும் முறை

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியாக வழங்கியைச் சென்றடைகின்றன. முறையாக அமைக்கப்பட்ட சேவைகள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதனைத் திரும்பக் கண்டறிய இயலாதவாறு கணிக்கப்பட்ட ஒரு மதிப்பையே வைத்திருக்கின்றன. மறந்துபோன கடவுச்சொல்லைச் சொல்லாமல் புதியதொன்றை அமைக்கும்படி அவை கேட்பது இதனாலேயே.

மதிப்புகள் பொருந்தினால் வழங்கி உலாவிக்கு ஒரு குக்கியை அனுப்பும். ஒவ்வொரு வேண்டுகோளையும் புதியதாகவே கருதும் வலை நெறிமுறைக்கு நினைவாற்றல் அளிக்கும் இச்சிறு தரவினை 1994 இல் நெட்சுகேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கினார். உலாவி குக்கிகளை ஏற்க மறுத்தாலோ, சேமித்த குக்கி பழுதடைந்திருந்தாலோ, சரியான கடவுச்சொல்லை இட்ட பின்னரும் பிழைச் செய்தி எதுவுமின்றிப் புகுபதிகைப் பக்கமே மீண்டும் தோன்றும். இவ்வறிகுறி கடவுச்சொல் பிழையிலிருந்து தெளிவாக வேறுபட்டது. உலாவியின் தனிமறைவுச் சாளரத்தில் முயன்று பார்த்தால் ஐயம் நீங்கும். அங்கே நுழைய முடிந்தால், அச்சேவைக்குரிய குக்கிகளை மட்டும் நீக்கினால் பெரும்பாலும் போதுமானது.

பயனர் பக்கத்துக் காரணங்கள்

"பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு" என்னும் செய்தி வேண்டுமென்றே தெளிவற்றதாக எழுதப்படுகின்றது. இரண்டில் எது தவறு எனக் கூறினால், எந்த முகவரிகள் உண்மையானவை என்பதை அயலாரும் எளிதில் அறிந்துகொள்வர். இப்பாதுகாப்பின் சுமை உண்மையான உரிமையாளர் மீதும் விழுகின்றது.

பெரிய எழுத்துப் பூட்டு விசை அழுத்தப்பட்டிருத்தல், உலாவி பழைய கடவுச்சொல்லைத் தானே நிரப்புதல் ஆகியவை பரவலானவை. தமிழில் தட்டச்சு செய்வோருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99 போன்ற விசைப்பலகை செயலில் இருக்கும்போது கடவுச்சொல்லை இட்டால் வேறு எழுத்துகள் பதிவாகலாம். பெட்டியில் புள்ளிகளே தெரிவதால் தவறு கண்ணில் படாது. கடவுச்சொல்லைக் காட்டும் கண் குறியை அருகில் எவரும் இல்லாதபோது அழுத்திப் பார்ப்பது நலம்.

கணினியின் நாள் தவறாக இருப்பதும் ஒரு காரணம். வலைத்தளச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினி, பல ஆண்டுகள் பின்னோக்கிய நாளைக் காட்டலாம். அந்நிலையில் உலாவி சான்றிதழை ஏற்காமல் எச்சரிக்கை விடுக்கும். இருபடிச் சரிபார்ப்புச் செயலிகளும் கடிகாரத்தையே சார்ந்தவை: அவற்றின் ஆறிலக்க எண் பொதுவாக 30 நொடிகளுக்கு ஒருமுறை மாறுவதால், கைப்பேசியின் நேரம் சில நிமிடங்கள் பிசகினாலும் எண் ஏற்கப்படாது.

வழங்கிப் பக்கத்துக் காரணங்கள்

1999 திசம்பரில் ஆட்மெயில் பயனர் பலரால் நுழைய இயலவில்லை. அதன் புகுபதிகை சார்ந்திருந்த பாசுபோர்ட் சேவையின் களப்பெயர்ப் பதிவை மைக்ரோசாப்ட் நிறுவனம் புதுப்பிக்கத் தவறியிருந்தது. கட்டணம் 35 டாலர். அதனைச் செலுத்திச் சேவையை மீட்டவர் அந்நிறுவனத்தைச் சாராத ஒரு லினக்சு நிரலாளர்.

2020 திசம்பர் 14 அன்று கூகுளின் அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு, சேமிப்பக ஒதுக்கீட்டுக் கோளாறினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முடங்கியது. சிமெயில் திறக்கவில்லை, புகுபதிகை செய்யாமல் யூடியூபைப் பார்த்தவர்களுக்கோ தடை ஏற்படவில்லை. இத்தகைய வேளைகளில் கடவுச்சொல்லை மாற்ற முயல்வது பயனற்றது. 500, 503 ஆகிய பிழை எண்கள் வழங்கியின் கோளாற்றைச் சுட்டுவன. 429 என்பது மிகையான முயற்சிகளைக் குறிக்கும்; அப்போது தொடர்ந்து முயன்றால் தடை நீளக்கூடும்.

கணக்கை மீட்டல்

வங்கி, கல்லூரி விண்ணப்பம், பிற இணையக் கணக்குகள் ஆகியவற்றின் கடவுச்சொற்களும் மின்னஞ்சல் வழியாகவே மீட்கப்படுவதால், மின்னஞ்சல் கணக்கை இழந்தவர் இவற்றையும் இழக்க நேரிடலாம். மீட்பு எண்ணாகக் கொடுத்த கைப்பேசி எண் கைவிடப்பட்டிருத்தல் மிகக் கடினமான நிலை. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். மீட்புக் குறுஞ்செய்தி அவரையே சென்றடையும். எனவே எண்ணை மாற்றும் முன்னரே கணக்கில் திருத்தம் செய்தல் வேண்டும்.

தேடுபொறியில் கிடைக்கும் "உதவி மைய" தொலைபேசி எண்கள் பல மோசடியானவை. கடவுச்சொல்லையோ ஒருமுறை எண்ணையோ தொலைபேசியில் கேட்பவர் சேவை நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். கூகுள் கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியோர் பத்து மாற்றுக் குறியீடுகளைப் பெற்றுத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அந்நிறுவனம் 2023 திசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட கணக்கிற்குச் சரியான கடவுச்சொல்லும் உதவாது.