நஸ்தலீக் அச்சேறிய கதை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணப் பத்திரிகை என்றால் தமிழோடும் ஆங்கிலத்தோடும் உருதுவும் இருக்கும். தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இந்த ஊர்களில் பலருக்கு வீட்டுப் பேச்சே உருதுதான். தமிழ் வரி நேராக ஓடும். உருதுச் சொல்லோ வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழாகச் சரியும். நஸ்தலீக் என்ற இந்த எழுத்து 14, 15-ஆம் நூற்றாண்டு ஈரானில் உருவானது. இவ்வளவு பிடிவாதமாக அச்சுக்கு அடங்க மறுத்த எழுத்து இந்தியாவில் வேறில்லை என்பேன்.

காரணம் அதன் உடலமைப்பு. ஒரே எழுத்து, பக்கத்தில் வருவது எது என்று பார்த்து உருவம் மாற்றும், உயரமும் மாற்றும். ஈய எழுத்துகளோ ஒரே மட்டத்தில் கோத்து அடுக்க வேண்டியவை. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உலோக நஸ்தலீக்கில் புத்தகங்கள் அடித்தார்கள். கையெழுத்தின் அழகில் ஊறிய வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை.

கைகொடுத்தது கல்லச்சு. காத்திப் எனப்படும் எழுத்தர், பசை பூசிய தாளில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதுவார். அதைச் சுண்ணாம்புக் கல்லில் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து கல்லில் இறங்கிவிடும். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளும், எண்ணெய் எழுத்து மையைப் பிடிக்கும். அச்சுக்கோப்பவரே தேவையில்லை. கல் போய் ஆஃப்செட் தகடு வந்த பிறகும் காத்திப் இருந்தார்: சென்னை திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய ‘முசல்மான்’ நாளிதழை இந்த நூற்றாண்டிலும் கையால்தான் எழுதினார்கள்.

கணினி இந்த எழுத்தைப் பிடித்தது 1981-இல். கராச்சியைச் சேர்ந்த மிர்சா அகமது ஜமீல், எழுத்து எழுத்தாகப் பிரிப்பதையே விட்டுவிட்டு, எழுத்துகள் சேர்ந்து நிற்கும் கூட்டுருவங்களை ஆயிரக்கணக்கில் கையால் எழுதிக் கொடுத்தார். மோனோடைப் நிறுவனம் அவற்றை இயந்திரத்தில் ஏற்றியது. நூரி நஸ்தலீக் பிறந்தது. 1994-இல் டெல்லியில் உருவான இன்பேஜ் மென்பொருள் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது.

டிடிபி கடையில் இப்போதும் வேலை இரட்டிப்புதான். உருதுவை இன்பேஜில் அடித்து, கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு மாற்றி, தமிழுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். தகடு போடுமிடத்துக் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் எழுத்து உருமாறும், அல்லது கட்டம் கட்டமாக வரும். அதனால்தான் “கர்வ் பண்ணிட்டீங்களா?” என்று முதலில் கேட்கிறார்கள். கர்வ் ஆனதும் எழுத்து வெறும் கோட்டோவியம், ஃபாண்ட் தேவையில்லை. ஆனால் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் விசைப்பலகையால் திருத்த முடியாது.

எனவே கர்வ் செய்யாத கோப்பையும் அச்சகங்கள் பத்திரப்படுத்த வேண்டும், முடிந்தால் யூனிகோடில். அதற்கான நஸ்தலீக் ஃபாண்டுகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.