அம்மம்மா வீட்டு வால்வ் றேடியோ: ஒரு திருத்தலும் கொஞ்ச வரலாறும்

கடந்த ஆண்டு எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை ஒதுக்கினோம். வலிகாமத்தில் இருக்கிற பழைய கல்வீடு. சாமியறைக்குப் பக்கத்து அறையில், நெல்லு மூட்டை வைக்கிற மூலையில், பழைய சேலையால் சுற்றின ஒரு பெட்டி கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் வானொலி. மரப்பெட்டி, முன்னுக்குத் துணி போட்ட ஒலிபெருக்கி, கண்ணாடியில் மீற்றர்க் கணக்குகள். பெயர்த்தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும்தான் மிச்சம். தூக்கினால் பத்துக் கிலோவுக்கு மேலே இருக்கும்.

"உது இனிப் பாடாது மோனை," என்றார் அம்மம்மா. "தொண்ணூறாம் ஆண்டு ஆனியில கறண்ட் போனதோட உதுவும் போட்டுது."

இந்த ஒரு வசனம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. அந்த வானொலி பழுதாகி நிற்கவில்லை. ஒரு நாள் மின்சாரம் போனது, அதோடு அது நின்றது. அப்படியென்றால் இப்போது மின்சாரம் இருக்கிறதே, எழுப்பிப் பார்த்தால் என்ன? அப்படித் தொடங்கினதுதான். அதைத் திருத்தி முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதத்தில் பள்ளிக்கூடத்தில் படிக்காத கொஞ்ச வரலாற்றையும் படித்தோம்.

பிளக்கைச் செருகாதே

முதலில் பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் எங்களுக்கும் கை துறுதுறுத்தது. நல்லகாலம், அதற்கு முதல் றேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் போனோம். எழுபது வயது தாண்டியவர். கடையை மூடி வீட்டில் இருக்கிறார்.

"செருகிப்போடாதேங்கோ பிள்ளையள். முப்பது வருசம் பாயில கிடந்தவனை எழுப்பி ஓடச் சொன்னா என்ன நடக்கும்? உள்ள இருக்கிற கண்டென்சர் எல்லாம் செத்திருக்கும். டிரான்ஸ்போமர் எரிஞ்சுதெண்டா பிறகு ஒண்டும் செய்யேலாது."

பின்பக்க அட்டையைக் கழற்றினோம். குளவிக்கூடு, பல்லி முட்டைகள், ஒரு விரல் தடிப்பில் தூசி. வயரின் இறப்பர் உறை தொட்டவுடன் உதிர்ந்தது. தூசியைத் தூரிகையால் மெல்லத் தட்டினபோது வால்வுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

வால்வ் என்றால் என்ன என்று எங்களைப்போலத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் இழை சூடாகும். அந்தச் சூட்டில் இலத்திரன்கள் வெளியேறி எதிரே இருக்கிற தகட்டுக்குப் பாயும். 1904இல் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் செய்தது இவ்வளவுதான். 1906இல் லீ டி பொரெஸ்ற் நடுவில் ஒரு கம்பி வலையை வைத்தார். வலைக்குக் கொடுக்கிற சின்ன மின்னழுத்தம் பெரிய பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும். ஒரு மெல்லிய குரலைப் பெரிதாக்க முடிந்தது அதனால்தான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்ரர் வரும்வரை வானொலி, தொலைக்காட்சி, முதல் கணினிகள் எல்லாமே இந்தக் கண்ணாடிக் குழாய்களில்தான் ஓடின.

வெளிநாடுகளில் பழைய வால்வ் தொலைக்காட்சிகளை வீட்டில் வைத்துத் திருத்துகிற ஆட்கள் நிறைய. எங்களுக்கு அந்த வாய்ப்பு அனேகமாக இல்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்ததே 1979 ஏப்ரலில்தான். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். அதற்குள் வால்வுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆகவே எங்கள் வீடுகளில் எங்கேயாவது வால்வ் கிடக்கிறது என்றால், அது பெரும்பாலும் வானொலியாகத்தான் இருக்கும்.

பெயரில்லாத பெட்டியின் வயதை வால்வுகளே சொல்லின. ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இஸட்.80. இது ஐரோப்பியக் குறியீட்டுமுறை. முதல் எழுத்து 'ஈ' என்றால் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட். 'எல்' என்றால் ஒலிபெருக்கியை ஓட்டுகிற வால்வ். 'இஸட்' என்றால் மின்சாரத்தை நேரோட்டமாக்குகிற வால்வ். எண் 8இல் தொடங்கினால் ஒன்பது ஊசி அடிப்பாகம். மேலே ஈ.எம்.80, நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை வெளிச்சத்தால் காட்டுகிற 'மந்திரக் கண்'. இவை எல்லாம் 1950களின் சாமான். அம்மப்பாவுக்கு முதல் உத்தியோகம் கிடைத்த காலமும் அதுதான்.

அந்தப் பெட்டிக்குள் வந்த குரல்கள்

அப்போது அதில் என்ன கேட்டிருப்பார்கள்? இதைத் தேடினபோதுதான் இலங்கையில் வானொலி வளர்ந்த கதை எங்களுக்குச் சரியாகத் தெரிந்தது.

கொழும்பில் 1920களின் தொடக்கத்தில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் சோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். முதலாம் உலகப்போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அதற்கான கருவி செய்யப்பட்டது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. பிபிசி தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அந்தப் படையினருக்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கினபோது, ஒரு சின்னத் தீவிடம் பெரிய நாடுகளுக்கு ஈடான குரல் இருந்தது.

இந்த இடத்தில் இந்தியாவும் தெரியாமல் உதவி செய்தது. 1952இல் அகில இந்திய வானொலிக்குப் பொறுப்பான அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்களை ஒதுக்கினார். பாட்டுக் கேட்க விரும்பின இந்தியச் சனம் அப்படியே கொழும்புப் பக்கம் திரும்பியது. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திருப்பி இழுக்க வேண்டியிருந்தது. தமிழ்ச் சேவையும் கடல் தாண்டிக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டில் அடையாளம் கண்டார்கள். சென்னை எங்களுக்குப் படம் அனுப்பியது. அந்தப் படத்தின் பாட்டை நாங்கள் சென்னைக்குத் திருப்பி அனுப்பினோம்.

அம்மம்மா சொன்னது வேறு மாதிரி. "றேடியோ எங்கட எண்டாலும் கேக்கிறது முழு ஒழுங்கையும். விறாந்தையில பெடியள், முத்தத்தில பெம்பிளையள். உன்ர அம்மப்பா ஒருத்தரையும் குமிழைத் தொட விடமாட்டார்." என்ன கேட்பது என்று முடிவெடுத்தது ஓர் ஆண்தான் என்பதை அவர் சிரிச்சுக்கொண்டே சொன்னார். அவர் தானாக நிலையம் மாற்றினது கணவர் வேலைக்குப் போன நேரங்களில் மட்டும்.

திருத்தல்

வால்வ் வானொலிக்குள் 250 வோல்ட், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைக் கழற்றின பிறகும் கண்டென்சர்களில் மின்னேற்றம் நிற்கும். ஐயா எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடம், தடையி ஒன்றைக் கொடுத்து அதை வடியவிடுவது. இரண்டாவது, ஓடுகிற பெட்டிக்குள் கை வைக்கவேண்டி வந்தால் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்காகப் போகும்.

மெழுகு பூசின கடதாசிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். அதில் ஒன்று மிக முக்கியம்: ஈ.எல்.84இன் வலைக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது. அது கசிந்தால் முந்திய வால்வின் உயர் மின்னழுத்தம் வலைக்குப் போய்விடும். வால்வ் கட்டுப்பாடில்லாமல் இழுத்துச் சிவந்து, வெளியீட்டு டிரான்ஸ்போமரையும் எரித்துவிடும். புதியவற்றைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினோம்.

பிழையும் விட்டோம். ஈ.எஃப்.89ஐக் கழற்றும்போது ஆட்டி இழுத்ததில் கண்ணாடியில் ஒரு மயிரளவு வெடிப்பு. வால்வின் உச்சியில் உள்ளே வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், மிச்சக் காற்றை உறிஞ்சுவதற்கு. எங்கள் கண்முன்னே அது பால்வெள்ளையாக மாறியது. காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அறுபது வருடத்துக்கு மேல் தாங்கின ஒன்றை ஒரு நொடியில் கொன்றுவிட்டோம். அன்றைக்கு ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை.

ஐயா ஏசவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தார். பழைய பேப்பரில் சுற்றின வால்வுகள். ஒன்றைப் பிரித்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

கடைசியில் 60 வாட் பழைய இழைப் பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டு மின்சாரம் கொடுத்தோம். உள்ளே எங்கேயாவது குறுக்குச்சுற்று இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் நிற்கும், வானொலி தப்பும். பல்ப் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன. அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஓர் இரைச்சல். பச்சைக் கண் மங்கலாகத் திறந்தது.

மூன்று வாட்

ஐயாவிடம் ஒரு நாள் கேட்டோம்: 1990இல் கரண்ட் போனபிறகு றேடியோ திருத்துகிறவருக்கு என்ன வேலை இருந்தது?

"அப்பதான் கூட வேலை," என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கினதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியாது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்குமா நடக்காதா. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது. டைனமோ தருவது ஆடலோட்டம். அதை வானொலிக்கு ஏற்றதாக்க நான்கு டயோட்டும் ஒரு கண்டென்சரும் வேண்டும். பழுதான பெட்டிகளில் இருந்து கழற்றி அதைச் செய்துகொடுத்தது இவரைப் போன்றவர்கள்தான்.

நாங்கள் கணக்குப் பார்த்தோம். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். சின்ன டிரான்சிஸ்ரர் வானொலிக்கு அது தாராளம். அம்மம்மா வீட்டுப் பெட்டியின் ஆறு வால்வுகளுக்கும் இழையைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 15 வாட் வேண்டும். பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை. ஐந்து சைக்கிள் சுற்றினாலும் அது பாடாது. அம்மம்மா சொன்னது அப்படியே சரி: கறண்ட் போனதோட அது போட்டுது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது. அம்மம்மா ஆட்கள் உடுப்புப் பையோடு கைக்கடக்கமான சின்ன றேடியோவைக் கொண்டுபோனார்கள். இந்தப் பெட்டியைச் சேலையால் சுற்றி மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் பல சாமான் இல்லை. இது இருந்தது. கறண்ட் இல்லாத ஊரில் பத்துக் கிலோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆர் என்ன செய்கிறது?

ஆர் கதைக்கினம்?

அம்மம்மா சொன்ன மாதிரியே கூரையிலிருந்து மாமரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்தோம். முதல் இரவு ஒரே கரகரப்பு. வீட்டிலிருந்த எல்.ஈ.டி. பல்புகளையும் ஃபோன் சார்ஜர்களையும் கழற்றினபிறகுதான் குறைந்தது. மத்திய அலையில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஒரு நிலையம், அலையடிக்கிற மாதிரிக் கிட்ட வந்தும் தூரப் போயும் கேட்டது. சிற்றலையில் சீன மொழி, பிறகு இரைச்சல், பிறகு வெறும் இரைச்சல்.

கண்ணாடியில் 31, 41, 49 மீற்றர் என்று அச்சடித்திருக்கிறது. முள்ளும் அந்த இடத்தில் சரியாகப் போய் நிற்கிறது. ஆனால் அங்கே இப்போது எங்களோடு கதைக்க ஆளில்லை. 1941இல் தொடங்கின பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. மணிலாவின் வெரித்தாஸ் தமிழும் அடுத்த வருடம் சிற்றலையை விட்டது. போர்க்காலத்தில் டைனமோ சுற்றி எந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்களோ, அந்தக் குரல்கள் கரண்ட் இருக்கிற காலத்தில் இல்லை.

அம்மம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இதில இப்ப ஆர் கதைக்கினம்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

கண்டென்சரை மாற்றலாம், கம்பியைப் பற்றவைக்கலாம். அனுப்புகிற பக்கத்தின் மௌனத்தை வீட்டு மேசையில் வைத்துத் திருத்த முடியாது. நிலையங்களின் வரலாறு எப்படியோ எழுதப்பட்டுவிடும். அறிவிப்பாளர்களுக்கு நினைவு மலர்களும் வரும். விறாந்தையில் இருந்து கேட்டவர்கள், கணவர் இல்லாத நேரம் குமிழைத் திருப்பினவர்கள், இருட்டில் பெடல் சுற்றினவர்கள், நான்கு டயோட்டைத் தேடி அலைந்தவர்கள், இவர்களை ஆர் எழுதுவது? ஐயாவுக்கு எழுபத்திநான்கு வயது. அம்மம்மாவுக்கு எண்பத்தேழு.

ஆகவே நாங்கள் கேட்டவர்களின் கதைகளைப் பதியத் தொடங்கியிருக்கிறோம். முதல் பதிவு அம்மம்மாவுடையது, 52 நிமிடம். உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். தயவுசெய்து பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் அதற்கு முன்னால் இருந்து கேட்டவரிடம் போய்க் கேளுங்கள். கண்டென்சர் இன்னும் பத்து வருடம் கழித்தும் முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம்.