வலி மாத்திரையின் வரலாறு – 7: லேபிளில் ஒரு வாக்கியம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லீ கவுன்ட்டி. கரி வெட்டி முதுகு ஒடிந்தவர்களின் ஊர்கள். வலி அங்கே யாருக்கும் புதிதல்ல. ஸெயின்ட் சார்லஸில் பல்லாண்டுகளாக வைத்தியம் பார்த்த டாக்டர் ஆர்ட் வான் ஸீ, 1990களின் கடைசியில் கண்டதுதான் புதிது. கைக்குழந்தையாக அவரிடம் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகள், மாத்திரை மிஞ்சிப்போய் மூச்சுத் திணறக் கிடந்தார்கள்.

மாத்திரையின் பெயர் ஆக்ஸிகான்டின். 1996-ல் பர்டியூ ஃபார்மா சந்தைக்குக் கொண்டுவந்தது. அபின் வகை மருந்தை 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் விடும் என்பது அதன் பெருமை. பொடித்துவிட்டால் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும்.

லேபிளில் இருந்த வாக்கியத்துக்கு இப்போது வருவோம். மருந்து மெதுவாக இறங்குவதால், அதைப் போதைக்காகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும் என்று "நம்பப்படுகிறது" என்றது அது. யார் நம்பினார்கள்? அதை நிரூபிக்க நிறுவனம் ஓர் ஆய்வுகூட நடத்தியிருக்கவில்லை!

இந்த வாக்கியத்தோடு விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களின் அறைக்குள் நுழைந்தார்கள். அடிமையாகும் ஆபத்து 1 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். அதற்கு ஆதாரமாகப் பேசப்பட்டது, 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம். அதுவும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்த நோயாளிகளைப் பற்றியது. வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1996-ல் சுமார் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000-ல் ஏறத்தாழ 110 கோடியைத் தொட்டது.

சாவுகள் செய்தியானபோது, 2001-ல் நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் ஸாக்லர் ஒரு மின்னஞ்சல் எழுதினார். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களே குற்றவாளிகள், அவர்களைத்தான் எல்லா வழியிலும் தாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. டாக்டர் சீட்டை நம்பி விழுங்கியவர்களும் அடிமையானார்கள். காசுக்குச் சீட்டு கிழித்துக்கொடுத்த டாக்டர்கள் இருந்தார்கள், அவர்கள் தப்பக் கூடாது. ஆனால் நேர்மையான டாக்டர்களை ஏமாற்றியது அந்த லேபிள்.

லேபிளை அனுமதித்தது அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அங்கே ஆக்ஸிகான்டின் விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரி, சில ஆண்டுகளில் அரசு வேலையை விட்டார். பிறகு அவர் சம்பளம் வாங்கிய இடம், பர்டியூ ஃபார்மா.

(தொடரும்)