பிக்-அப் வாகனத்தின் உயரத்தைக் கூட்டும் முன்... சஸ்பென்ஷன் தேர்வில் அறிய வேண்டியவை

லடாக்கின் சாங்தாங் சமவெளி, ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு, ராஜஸ்தானின் தார் பாலைவனம் எனக் கரடுமுரடான வழிகளைத் தேடிச் செல்வோரிடையே நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்-அப் வாகனங்களுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸும் 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

இத்தகைய வாகனத்தை வாங்கியவர்கள் பலர் அடுத்ததாக நாடுவது 'லிஃப்ட் கிட்' எனப்படும் உயரம் கூட்டும் சஸ்பென்ஷன் தொகுப்பு. எத்தனை அங்குலம் உயரும் என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் வாகனம் எவ்வளவு சுமையைச் சுமக்கும், எந்தப் பாதையில் ஓடும், சட்டம் எதை அனுமதிக்கிறது என்ற மூன்றுக்கும் விடை கண்ட பிறகே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். வரிசை மாறினால் பணம் வீணாவதுடன், வாகனம் கவிழும் ஆபத்தும் காப்பீட்டுச் சிக்கலும் சேர்ந்தே வரும்.

உயரத்தால் கிடைப்பது என்ன?

மேற்கூறிய இரு வாகனங்களிலும் முன்புறம் காயில் ஸ்பிரிங்குடன் கூடிய தனித்தியங்கும் சஸ்பென்ஷன் உள்ளது. பின்புறம் ஒரே தண்டாக அமைந்த ஆக்சில், லீஃப் ஸ்பிரிங் எனப்படும் கமான் பட்டைகளின் மீது பொருத்தப்பட்டுள்ளது.

லிஃப்ட் கிட் பொருத்தினால் சேஸிஸும் அதன் மீதுள்ள உடற்பகுதியும் மட்டுமே உயர்கின்றன. பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உறை முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். பாறைப் பாதையில் முதலில் இடிபடும் பகுதிகளுள் ஒன்று அதுதான். அதனை உயர்த்தும் எளிய வழி பெரிய டயர் மட்டுமே. அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியளவே தரை இடைவெளி கூடும்.

ஆயினும் லிஃப்ட் கிட்டால் பயன் இல்லை என்று கொள்ளக் கூடாது. பம்பர், பக்கப்படி, சேஸிஸின் நடுப்பகுதி, எரிபொருள் தொட்டி ஆகியவை தரையிலிருந்து விலகுகின்றன. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் இடிக்காமல் இருப்பதற்கான அணுகு கோணம் சற்றுக் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, முன்சக்கரத்திலிருந்து 900 மில்லிமீட்டர் முன்னால், தரையிலிருந்து 500 மில்லிமீட்டர் உயரத்தில் பம்பரின் அடிவிளிம்பு உள்ளது எனக் கொள்வோம். தோராயக் கணக்கில் கோணம் 29 டிகிரி. வாகனத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 31 டிகிரியைச் சற்றுத் தாண்டும். ஏறத்தாழ 2 டிகிரி மட்டுமே ஆதாயம்.

உயர்த்தும் முறைகள்

மலிவான முறை ஸ்பேசர். முன்புற ஸ்டிரட்டின் தலைப்பகுதியில் வைக்கப்படும் உலோக அல்லது பாலியூரித்தேன் வளையம் இது. ஸ்டிரட்டின் அடிப்பகுதி கீழ்க்கை எனப்படும் லோயர் ஆர்மின் இடைப்பகுதியில் பொருந்தியிருப்பதால், 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் சக்கரத்தின் இடத்தில் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தைத் தரக்கூடும். பழைய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அப்படியே நீடிப்பதால் சுமை தாங்கும் திறன் கூடாது. சக்கரம் முழுமையாகக் கீழிறங்கும்போது ஆக்சில் தண்டின் சி.வி. ஜாயின்ட் அளவுக்கு மீறி வளைவதற்கும் இடமுண்டு.

பின்புறத்தில் கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே கட்டை வைப்பது, ஷேக்கிளை நீட்டுவது, கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது ஆகியவை எளிய முறைகள். ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வாகனம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்தான் உயரும். டிஃபரன்ஷியலின் கோணமும் மாறிவிடும். கட்டை வைத்தால், வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போது கமான் பட்டை முறுக்கிக்கொள்ளும் போக்கு அதிகரிக்கும்.

பாடி லிஃப்ட் என்பது சேஸிஸுக்கும் உடற்பகுதிக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சேஸிஸின் உயரம் மாறாது.

முன்புற ஸ்பிரிங், பின்புறக் கமான் பட்டை, நான்கு ஷாக் அப்சார்பர்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்த முழுத் தொகுப்பே நீண்ட பயணத்துக்கு ஏற்றது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் இமு போன்ற தொகுப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. விலை அதிகமாயினும் ஸ்பிரிங்கின் வலுவும் ஷாக் அப்சார்பரின் தடையாற்றலும் இணைந்து செயல்படும்.

சுமையே முதல் அளவுகோல்

தரமான நிறுவனங்கள் ஒரே வாகனத்துக்குப் பல வலுவில் ஸ்பிரிங் விற்கின்றன. கூடுதல் சுமை இல்லாத வாகனத்துக்கு ஒன்று, நடுத்தர நிலைச்சுமைக்கு ஒன்று, கனத்த நிலைச்சுமைக்கு ஒன்று என அவை பிரிக்கப்பட்டிருக்கும். நிலைச்சுமை என்பது வாகனத்திலிருந்து இறங்காமல் எப்போதும் இருக்கும் எடை.

ஆகவே கடைக்குச் செல்லும் முன் எடைப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது அவசியம். 20 லிட்டர் தண்ணீரின் எடை 20 கிலோ. 20 லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 17 கிலோ. எஃகுக் கம்பிவடத்துடன் கூடிய வின்ச், கூரைக் கூடாரம், பின்பெட்டி மூடி, கூடுதல் பேட்டரி, கருவிப்பெட்டி ஆகியவற்றின் எடையையும் சேர்க்க வேண்டும். முன் ஆக்சிலின் மீது விழுவது எவ்வளவு, பின் ஆக்சிலின் மீது விழுவது எவ்வளவு எனப் பிரித்துக் குறிப்பது நல்லது. எடை மேடையில் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் தனித்தனியே ஏற்றி எடுத்த சீட்டு கையில் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை.

300 கிலோ நிலைச்சுமைக்கான கமான் பட்டையை வெறும் பெட்டியுடன் ஓடும் வாகனத்தில் பொருத்தினால் பின்பகுதி துள்ளும். ஈரச் சாலையில் டயரின் பிடிமானம் குறையும். மாறாக, மெல்லிய பட்டையுடன் சுமையேற்றினால் பின்பகுதி அமர்ந்து, கூட்டிய உயரம் மறைந்துவிடும். மிக முக்கியமாக, லிஃப்ட் கிட் எதுவும் உற்பத்தியாளர் நிர்ணயித்த மொத்த எடை வரம்பை உயர்த்துவதில்லை. சேஸிஸ், ஆக்சில், பிரேக் ஆகியவை பழைய வரம்புக்கே கட்டுப்பட்டவை.

எத்தனை மில்லிமீட்டர் போதும்?

முன்புறம் தனித்தியங்கும் சஸ்பென்ஷன் உள்ள பிக்-அப்களுக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. முன்சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்தத் தொலைவு மாறாதது. வாகனத்தை உயர்த்தும்போது, சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கான அசைவு அதே அளவு குறைகிறது. உயரம் கூடக்கூடச் சி.வி. ஜாயின்ட் எந்நேரமும் வளைந்த நிலையில் சுழன்று விரைவில் தேயும்.

ஸ்டியரிங்கின் நேர்நிலையைக் காக்கும் காஸ்டர் கோணமும் குறைகிறது. நெடுஞ்சாலையில் வாகனம் இருபுறமும் அலைபாய்வதும், திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாததும் இதன் அறிகுறிகள். சீரமைப்பு எல்லைக்குள் கோணத்தைக் கொண்டுவர இயலாவிடில் மாற்று மேற்கை, அதாவது அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் தேவைப்படும். அதன் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஷாக் அப்சார்பர் வகைகள்

அலையலையாக வரிவிழுந்த மண்பாதையில் மணிக்கணக்கில் ஓடும்போது ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி நுரைக்கிறது, தடையாற்றல் குறைகிறது. ஒற்றைக்குழாய் வகை வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். ஆனால் கல் பட்டு அதன் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டனின் இயக்கம் தடைபடும். இரட்டைக்குழாய் வகையில் வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். நுரைச்செல் பொருத்திய பெரிய விட்ட இரட்டைக்குழாய் வகை, விலைக்கும் உழைப்புக்கும் நடுவே நிற்பது. எதை வாங்கினாலும் உதிரி ரப்பர் புஷ்களும் மாற்று ஷாக் அப்சார்பரும் இந்தியாவில் தனியாகக் கிடைக்கின்றனவா என்று உறுதி செய்வது நன்று.

டயரை மாற்றினால்

255/60 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 763 மில்லிமீட்டர். 265/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 802 மில்லிமீட்டர். இந்த மாற்றத்தால் ஆக்சிலின் உயரம் 19 மில்லிமீட்டர் கூடும். அதேவேளை ஒவ்வொரு சுழற்சியிலும் வாகனம் 5 விழுக்காடு அதிகத் தொலைவு செல்லும். வேகமானி 80 கிலோமீட்டர் காட்டும்போது, முன்பு சென்றதைவிட 4 கிலோமீட்டர் அதிக வேகத்தில் வாகனம் சென்றுகொண்டிருக்கும். கனத்த டயரால் பிரேக் தொலைவும் எரிபொருள் செலவும் கூடக்கூடும்.

கவிழும் அபாயம்

சக்கரங்களுக்கிடையேயான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண், வாகனம் கவிழும் வாய்ப்பை மதிப்பிட உதவுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தனது தர மதிப்பீட்டில் இதனைப் பயன்படுத்துகிறது. அகலம் 1,550 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டர் எனில் மதிப்பு 1.11. ஈர்ப்பு மையம் 45 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது 1.04 ஆகக் குறையும். கூரைக் கூடாரமும் சேர்ந்தால் இன்னும் குறையும். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் இந்த வேறுபாடு உயிருக்கும் உரியது.

சில பிக்-அப்களில் பின்புறச் சுமையை உணர்ந்து பிரேக் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் வால்வு உள்ளது. பின்பகுதி உயர்ந்தால் வாகனம் காலியாக இருப்பதாகவே அது கொள்ளும். பின் பிரேக்கின் ஆற்றல் குறையும். எனவே கிட் பொருத்தும்போது இவ்வால்வின் இணைப்பையும் சரிசெய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல வரையறைக்கு மாறான மாற்றங்களுக்கு இடமில்லை என்று இப்பிரிவுக்கு விளக்கமளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனவே கடைக்காரரின் வாய்மொழி உறுதியை நம்பாமல், வாகனம் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெற்ற பிறகே பணம் செலுத்துவது பாதுகாப்பானது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மறைக்கப்பட்ட மாற்றம் விபத்துக்குப் பின் தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். சஸ்பென்ஷன் மற்றும் ஆக்சில் பாகங்களுக்கான உத்தரவாதத்தின் நிலை குறித்து வாகன நிறுவனத்திடமும் கேட்டறிய வேண்டும்.

அனுமதி கிடைக்காது எனத் தெரிந்தால் வேறு வழிகள் உள்ளன. மூல அளவிலேயே தரமான அனைத்து நிலப்பரப்பு டயர்கள், அடிப்பகுதிக் காப்புத் தகடு, தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கும் புஷ்களுக்கும் மாற்று, தேவையற்ற சுமையைக் குறைத்தல் ஆகியவையே பெரும்பாலான பயணங்களுக்குப் போதுமானவை.

பொருத்திய பின் கவனிக்க வேண்டியவை

• ஆக்சிலைக் கமான் பட்டையுடன் இணைக்கும் யு-போல்ட்டுகளைப் புதிதாகவே பொருத்த வேண்டும். கழற்றியவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

• வாகனம் தரையில் நின்று அதன் எடை முழுவதும் சக்கரங்களில் விழுந்த பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும்.

• சக்கரம் முழுமையாகத் தொங்கும் நிலையில் பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். கம்பியும் இழுபடுகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

• சக்கரச் சீரமைப்பைச் செய்து, காஸ்டர், கேம்பர், டோ அளவுகள் அச்சிடப்பட்ட தாளைக் கேட்டுப் பெற வேண்டும்.

• எதிரே வருவோரின் கண் கூசாதபடி முகப்பு விளக்கின் கோணத்தைத் தாழ்த்த வேண்டும்.

• முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கி, சீரமைப்பையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இப்பணிகள் அனைத்தையும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளாத பணிமனையிடம் வாகனத்தை ஒப்படைக்காமல் இருப்பதே நலம். பொருத்திய உடனே நெடும்பயணம் புறப்படாமல், முழுச் சுமையுடன் அருகிலுள்ள சாலைகளில் சில நாள்கள் ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடிக்கும்போதும் வளைவுகளில் திரும்பும்போதும் வாகனத்தின் புதிய போக்கை உணர்ந்துகொள்வது ஓட்டுநருக்கும் உடன் செல்வோருக்கும் பாதுகாப்பு.