ஆட்டுப்பாலின் நன்மை குழையில் தொடங்குகிறது

கிளிநொச்சிப் பக்கக் கிராமமொன்றில், போரில் கணவரை இழந்த அம்மா ஒருவரைச் சந்தித்தேன். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு ஆடுகள் இன்று ஒரு சிறு பட்டியாகிவிட்டன. "பிள்ளை, ஆட்டுப்பால் வருத்தங்களை மாத்துமெண்டு சொல்லி விக்கினம். உண்மையோ?" என்று கேட்டார்.

ஆட்டுப்பால் எந்த நோய்க்கும் மருந்தல்ல. ஆனால் உடற்கலங்களைச் சிதைவிலிருந்து காக்க உதவும் அன்ரிஒக்சிடன்ற்கள், அதாவது ஒட்சியேற்ற எதிரிகள், அதில் உண்டு. அவை எவ்வளவு என்பதை வளர்ப்பும் பதப்படுத்தலும் தீர்மானிக்கின்றன.

முதலில் தீவனம். விற்றமின் ஈயை ஆட்டின் உடல் தானாக உருவாக்காது. தின்னும் தீவனத்திலிருந்தே பெறுகிறது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு போன்ற பச்சைக் குழைகளில் அது அதிகம். வெயிலில் காய்ந்த புல்லில் குறையும். வைக்கோலில் மிகக் குறைவு. கோடையில் வைக்கோலை மட்டும் நம்பினால் பாலின் தரமும் இறங்கும். வேலிக்கு நடும் கதியால் அப்போது கைகொடுக்கும்.

ஆட்டுப்பால் வெள்ளையாக இருப்பது குறையல்ல. குழையிலுள்ள மஞ்சள் நிறக் கரோட்டினை ஆடு விற்றமின் ஏயாக மாற்றிவிடுகிறது.

அடுத்தது கறந்த பின்னான கவனம். காய்ச்சாத பாலால் புரூசெல்லோசிஸ் போன்ற நோய்கள் தொற்றலாம். கட்டாயம் காய்ச்ச வேண்டும். பொங்கியதும் இறக்குங்கள். நெடுநேரம் கொதித்தால் விற்றமின் சீயும் போலேற்றும் மேலும் அழியும். விற்றமின் ஈ சூட்டை ஓரளவு தாங்கும், ஒளிதான் பகை. கண்ணாடிப் போத்தலில் வெயில்பட வைத்த பாலில் கொழுப்பு ஒட்சியேறி மணம் மாறும். செப்புப் பாத்திரமும் அதை விரைவுபடுத்தும். மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில், குளிரான இடத்தில் வையுங்கள்.

ஆடையை எடுத்தால் விற்றமின் ஈயின் ஒரு பகுதி அதோடு போய்விடும். தயிராக்கும்போது பக்றீரியாக்கள் பாற்புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. அவற்றில் சில ஒட்சியேற்றத்தைத் தடுப்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதை வைத்துத் தயிர் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல முடியாது.

ஒன்று முக்கியம்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கக்கூடாது. அதில் போலேற் மிகக் குறைவு.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "மருந்தெண்டு சொல்லி விக்காதேங்கோ அம்மா. பச்சைக் குழை திண்ட ஆட்டின்ர பாலெண்டு சொல்லுங்கோ. அது உண்மை; நல்ல விலைக்கும் அது காணும்."